பேஸ் இல்லை, கிட்டார் இல்லை, ஒரு குரலும் டிரம்ஸும்: இவா பிட்டோவா – பாவெல் ஃபாய்ட் பற்றிக் கேட்டவருக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய வீடியோ ஒன்றில் ஒரு பெண் வயலின் வாசித்துக்கொண்டே பாடுகிறார், கூவுகிறார், சிரிக்கிறார். பக்கத்தில் ஒருவர் டிரம்ஸ் வாசிக்கிறார். மேடையில் வேறு யாரும் இல்லை. அந்தப் பெண் இவா பிட்டோவா, டிரம்ஸ்காரர் பாவெல் ஃபாய்ட். கீழே 'செக்கோஸ்லோவாகியா, ராக்' என்று போட்டிருக்கிறது. "இது எப்படி ராக் ஆகும்? கம்யூனிஸ்ட் அரசின் கெடுபிடியால்தான் இரண்டே பேராகச் சுருங்கினார்களா? இரண்டு ஆல்பத்தோடு ஏன் நின்றுபோனார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் மூன்று போலத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இந்த இசையில் இருக்கும் வெற்றிடம் வேறு வழியில்லாமல் வந்ததா, அவர்களே விரும்பி வைத்துக்கொண்டதா?

நான் இருபது வருடத்துக்கு மேலாக மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசிக்கிறேன், கொஞ்சம் பேருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இந்த இருவரின் ஒலிப்பதிவுகளை அதைவிடக் கொஞ்சம் குறைந்த காலமாகக் கேட்டு வருகிறேன். செக் மொழி எனக்குத் தெரியாது. ஆகவே பாடல் வரிகளின் கவித்துவம் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. தாளம், ஒலி, இரண்டு பேர் மட்டும் மேடையில் நிற்பதன் சிக்கல், இவை பற்றிப் பேசலாம். வரலாற்றுத் தகவல்கள் பதிவானவை. அவற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவுகள் என்னுடையவை, அவை வரும் இடத்தில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

இவா பிட்டோவா 1958-இல், இன்றைய செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் வடக்கே, ப்ருன்டால் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா கொலோமான் பிட்டோ, தெற்கு ஸ்லோவாகியாவைச் சேர்ந்த ரோமா இனத்து இசைக்காரர். டபுள் பேஸ், சிம்பலம் (கோலால் தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம்), ட்ரம்பெட் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கக்கூடியவர். அம்மாவும் பாடுவார். மூன்று பெண் பிள்ளைகளும் இசைக்கு வந்தார்கள். அக்கா ஈடா கெலரோவாவும் பெயர்பெற்ற பாடகிதான். இவா சிறு வயதில் வயலின் கற்றுக்கொண்டார், பிறகு அதை விட்டுவிட்டு ப்ர்னோ நகரத்துக் கன்சர்வேட்டரியில், அதாவது இசை, நாடகக் கல்லூரியில், நாடகம் படித்தார். இந்த நாடகப் படிப்பை மறந்துவிடாதீர்கள். அந்த வீடியோவில் உங்களைத் திகைக்க வைத்ததில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

ப்ர்னோவில் ஒரு நாடகக் குழு இருந்தது. 1960-களின் கடைசியில் தொடங்கியபோது அதன் பெயர் 'ஹுசா நா ப்ரோவாஸ்கு', அதாவது 'கயிற்றில் கட்டிய வாத்து'. செக் மொழியில் 'ஹுசா' என்றால் வாத்து. 1969-இல் ஹுசாக் என்பவர் கட்சித் தலைமைக்கு வந்தார். பெயர்ப் பொருத்தம் ஆபத்தாகிவிட்டது. வாத்தைக் கழற்றிவிட்டு, வெறும் 'கயிற்றில் நாடகம்' என்று பெயரை மாற்றிக்கொண்டு இருபது வருடம் ஓட்டினார்கள். 1975-இல் இவர்கள் போட்ட ஒரு இசை நாடகத்தில் கொள்ளைக்காரன் நிகோலா ஷுஹாயின் காதலி எர்ஷிகாவாக இவா நடித்தார். அது 1978-இல் படமாகவும் வந்தது. நாடகத்தை எழுதிய மிலான் ஊடே தடைசெய்யப்பட்ட எழுத்தாளர் என்பதால், சுவரொட்டியில் இயக்குநர் பெயரே ஆசிரியர் பெயராகவும் போனது. (அதே ஊடே 1990-இல் கலாசார அமைச்சர் ஆனார். அந்த நாட்டின் கதை இப்படித்தான் போகும்.) பதின்ம வயதுப் பெண் ஒருத்தி இப்படிப்பட்ட இடத்தில் தொழில் கற்றிருக்கிறாள் என்றால், உடம்பையும் தொண்டையையும் ஒரே கருவியாகப் பயன்படுத்தக் கற்றிருப்பாள் என்பதில் ஆச்சரியம் இல்லை.

சில படங்களில் நடித்தபின், 1980-களின் தொடக்கத்தில் அவர் வயலினுக்குத் திரும்பினார். மொராவியன் குவார்டெட் என்ற நால்வர் குழுவின் முதல் வயலின்காரர் ருடால்ஃப் ஷ்டியாஸ்ட்னியிடம் மறுபடி பாடம் கேட்டார். இருபதுகளின் நடுவில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்தச் சமயத்தில்தான் டிரம்மர் பாவெல் ஃபாய்ட்டோடு சேர்கிறார்.

ஃபாய்ட் 1957-இல் பிறந்த ப்ர்னோக்காரர். அந்த ஊரின் மாற்று ராக் வட்டத்தில் வளர்ந்தவர். செக்கில் டான்யூப் நதிக்கு 'துனாய்' என்று பெயர், அந்தப் பெயரில் இருந்த குழுவின் டிரம்மராகத்தான் பெரும்பாலும் அவரை நினைவுகூர்வார்கள். பிட்டோவாவும் ஃபாய்ட்டும் 1985 வாக்கில் இருவராக வாசிக்கத் தொடங்கினார்கள். வாழ்க்கையிலும் அப்போது அவர்கள் தம்பதி. 1987-இல் இருவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பம் பான்டன் என்ற அரசுத் துறை நிறுவனத்தில் வந்தது. 1988-இல் 'ஸ்வட்பா', அதாவது 'கல்யாணம்', வெளிநாட்டில் வந்தது. 1989-இல் இவா துனாய் குழுவோடு சேர்ந்து இன்னொரு ஆல்பம் செய்தார். இருவர் அணியாக அவர்களுடைய முக்கியமான பதிவுகள் இவ்வளவுதான். கையளவு. ஆனால் ஐரோப்பாவில் இந்த வகை இசையில் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் இந்தப் பெயர்கள் வந்துவிடும்.

இப்போது கெடுபிடி விஷயம். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் வந்தபின் அந்த நாட்டில் நடந்ததற்கு 'இயல்பாக்கம்' என்று பெயர் வைத்தார்கள். ராக் குழு மேடை ஏற வேண்டுமானால் அதிகாரிகளின் தேர்வுக் குழு ஒன்றின் முன் வாசித்துக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். வாசிப்பு மட்டும் போதாது, இசை இலக்கணத்தில் கேள்வி வரும், அரசியல் பாடத்திலும் கேள்வி வரும். கிடைக்கும் தரத்தைப் பொறுத்துத்தான் சம்பளம். 1976-இல் பிளாஸ்டிக் பீப்பிள் என்ற தலைமறைவு ராக் குழுவினரைக் கைதுசெய்து வழக்கு நடத்தினார்கள், 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கைக்கு அதுவும் ஒரு தூண்டுதல். 1983-இல் கட்சி வார இதழ் ஒன்று 'பழைய சரக்கோடு புதிய அலை' என்ற பொருளில் ஒரு கட்டுரை போட்டது. அதைத் தொடர்ந்து பல குழுக்களுக்கு மேடை கிடைக்காமல் போனது. இசைக்கலைஞர் சங்கத்துக்குள் இருந்தபடி புத்தகம், கச்சேரி என்று மூச்சு விட இடம் கொடுத்த 'ஜாஸ் பிரிவு' என்ற அமைப்பின் நிர்வாகிகள் 1986 செப்டம்பரில் கைதானார்கள், 1987 மார்ச்சில் தண்டனையும் வந்தது.

அதே 1987-இல்தான் பான்டன் இவர்கள் ஆல்பத்தையும் வெளியிடுகிறது. ஒரு கை கைது செய்கிறது, இன்னொரு கை இசைத்தட்டு அழுத்துகிறது. 'அடக்குமுறையால் பிறந்த இசை' என்று ஒற்றை வரியில் இதை முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்கு இது முதல் காரணம். இவர்கள் தலைமறைவுக் குழு அல்ல. அரசு நிறுவனத்தில் தட்டு வந்த, பெண்ணின் முகம் சினிமா பார்ப்பவர்களுக்குத் தெரிந்த, ஆனால் என்ன வகையென்று எந்தத் தேர்வுக் குழுவாலும் சீட்டு ஒட்ட முடியாத இசை. வார்த்தைகளால் அரசைத் திட்டுகிற பாட்டைப் பிடிப்பது எளிது. குயில் போலக் கூவுகிற ஒருவரிடம் எந்த வரியைக் காட்டி விளக்கம் கேட்பார்கள்? இந்தக் கடைசி வாக்கியம் என் ஊகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அதிகாரிகள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது காரணம் இன்னும் எளிது. ஆள் கிடைக்காமல் இருவரானவர்கள் அல்ல இவர்கள். ப்ர்னோவில் பேஸ் கிட்டார்காரர்களும் கிட்டார்காரர்களும் இருந்தார்கள். அவர்களோடுதான் ஃபாய்ட் துனாயில் வாசித்துக்கொண்டிருந்தார். முழுக் குழு ஒன்று கையில் இருக்கும்போதே, தனியாக ஒரு குரலோடும் வயலினோடும் உட்கார்ந்து வாசிக்கிறார் என்றால் அது ஆசைப்பட்டுச் செய்ததுதான். சிறிய குழுவுக்கு ஒரு வசதியும் உண்டு. சாமான்கள் குறைவு, நாடக அரங்கிலும் வாசிக்கலாம், கிளப்பிலும் வாசிக்கலாம். சூழல் அந்த ஆசைக்குத் துணைபோயிருக்கலாம், அவ்வளவே.

வெற்றிடத்தின் தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு திருவிழாக் கச்சேரியில் பாட்டு நடுவில் கரண்ட் போய்விட்டது. கீபோர்ட், கிட்டார், பேஸ் எல்லாம் ஒரே நொடியில் செத்தன. மிச்சம் இருந்தது என் டிரம்ஸும், மைக் இல்லாமல் நின்ற பாடகரின் வெறும் தொண்டையும். அவர் நிறுத்தவில்லை, நல்ல மனிதர், தொடர்ந்து பாடினார். நான் என்ன செய்தேன்? பயத்தில் எல்லா இடத்தையும் நிரப்பினேன். ரோல் மேல் ரோல், சிம்பல் மேல் சிம்பல். ஜெனரேட்டர் ஓட ஆறேழு நிமிடம் ஆனது. அதற்குள் முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கூடப் பாட்டு கேட்கவில்லை. இறங்கியதும் அவர் என்னைத் திட்டவில்லை, "உங்க கூட சண்டை போட்டுக்கிட்டே பாடினேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஃபாய்ட்டின் வாசிப்பை நான் ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தேன்.

நடந்தது இதுதான். பேஸ் கிட்டாரின் மிகக் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. வயலினின் மிகக் கீழ்த் தந்தி 196 ஹெர்ட்ஸ். பெண் குரல் பெரும்பாலும் அதற்கும் மேலேதான் உலவும். பேஸை எடுத்துவிட்டால் 196-க்குக் கீழே இருப்பது முழுக்க டிரம்மரின் பொறுப்பு. காலால் அடிக்கும் கிக் டிரம் அடிமட்டத்தைப் பிடித்துக்கொள்ளும், அதற்கு மேல் டாம்கள், அதாவது கோலால் அடிக்கும் நடுத்தர டிரம்கள், வரும். ஹைஹாட்டும் (மிதியடியால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) சிம்பலும் கிளப்பும் உயர் சத்தம் எங்கே போய் மோதும்? குரலின் மெய்யெழுத்துகள் இருக்கும் இடத்தில். ச, ஸ, ட, க போன்ற ஒலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. திருவிழாவில் நான் அந்தப் பாடகரின் மெய்யெழுத்துகளைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஃபாய்ட் செய்வது நேர்எதிர் என்று என் காது சொல்கிறது. டாம்களையே முன்னால் நிறுத்துகிறார். அவற்றைச் சும்மா 'டமடம' என்று உருட்டுவதில்லை, ஏறக்குறைய ஒரு பேஸ் வரி போல ஒரு சின்ன வாக்கியத்தை எடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ராக் டிரம்மர்களின் பழக்கம், நாலு சுற்றுக்கு ஒருதடவை ஒரு ஃபில்-இன் போட்டு 'இதோ அடுத்த பகுதி' என்று அறிவிப்பது. இவர் பல இடங்களில் அறிவிப்பதே இல்லை. பகுதி மாறுவதைக் குரல் தீர்மானிக்கிறது, அவர் தன் வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றி அதை ஒப்புக்கொள்கிறார். கேட்கச் சுலபம். மூன்று நிமிடம் கை அரிக்காமல் உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும்.

அடுத்தது குரல். அந்தக் குரலை 'விசித்திரம்' என்று எழுதுபவர்கள் நிறைய. ஆனால் செக் மொழி எப்படி ஒலிக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் அதில் பாதி விசித்திரம் போய்விடும். ப்ர்னோ என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வாய்க்கு 'ப'வுக்கும் 'ர'வுக்கும் நடுவில் ஓர் உயிர் வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு வேண்டாம், 'ர்' என்பதே அசையாகி நிற்கும். 'ஸ்ட்ர்ச் ப்ர்ஸ்ட் ஸ்க்ர்ஸ் க்ர்க்' என்று ஒரு பிரபலமான நாப்பயிற்சி வாக்கியம் உண்டு. 'விரலைத் தொண்டை வழியாக விடு' என்று அர்த்தம், ஓர் உயிரெழுத்துகூடக் கிடையாது. இதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நீங்களே ஒரு தாளக் கருவி ஆகிவிடுவீர்கள். அந்த மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். அதோடு நம்மைப் போலவே குறில், நெடில் வித்தியாசமும் உண்டு, அழுத்தம் விழாத அசையும் நெடிலாக இருக்கலாம். அதாவது அடி ஓரிடத்தில் விழும், நீட்சி வேறோர் இடத்தில் இருக்கும். பாடுகிறவருக்கு மொழியே ஒரு எதிர்த்தாளத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது. குறில் நெடில் காதோடு வளர்ந்த நமக்கு இது பிடிபடுவது கடினமில்லை என்பது என் அனுபவம். சொல் புரியாவிட்டாலும் எது நீள்கிறது, எது வெட்டுப்படுகிறது என்று காது எண்ணிக்கொண்டே போகும்.

இந்த இடத்தில் ப்ர்னோவின் இன்னொரு மனிதரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. இசையமைப்பாளர் லேயோஷ் யானாச்செக் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த ஊரில்தான் கழித்தார். சந்தையில் காய் விற்பவர், தெருவில் விளையாடும் குழந்தை, யார் பேசினாலும் அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஸ்வரமாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். 1903-இல் தன் மகள் ஓல்கா சாகும் தறுவாயில் பேசியதைக்கூட அப்படி எழுதியிருக்கிறார். படிக்கும்போது வயிற்றைப் பிசையும் விஷயம் அது. மொராவிய கிராமப் பாடல்களையும் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார். பேச்சிலிருந்து எடுத்த குட்டி இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப வைத்துப் பெரிய கட்டடம் எழுப்புவது அவருடைய முறை. பிட்டோவா–ஃபாய்ட் பாட்டுகளும் அப்படித்தான் நிற்கின்றன: ஒரு துணுக்கு, அதன் பிடிவாதம், திடீரென்று ஒரு முறிவு. நேரடியாக யானாச்செக்கிடமிருந்துதான் எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவா நடித்த அந்தக் கொள்ளைக்காரன் நாடகத்துக்கு இசையமைத்த மிலோஷ் ஷ்டியெட்ரோன் யானாச்செக் ஆய்வாளர். பிற்காலத்தில் யானாச்செக் தொகுத்த மொராவிய நாட்டுப்பாடல்களை ஷ்காம்பா குவார்டெட்டோடு சேர்ந்து இவாவே ஒரு ஆல்பமாகப் பாடினார். ஊர்க்காற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

வயலின் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்கத்திய முறையில் வயலினைத் தாடையால் இறுக்கிப் பிடிப்பார்கள். தாடையை இறுக்கினால் வாய் திறக்காது. இவா வாசித்துக்கொண்டே பாட வேண்டியவர் என்பதால் அந்தப் பிடி தளர்ந்தே ஆக வேண்டும். வில்லால் இழுப்பதோடு நிற்காமல் பான்ஜோ மாதிரி விரலால் சுண்டுகிறார், வேறு சாமான்களாலும் தட்டுகிறார். சுண்டும்போது வயலின் தாள வாத்தியமாகிவிடுகிறது. ஆகவே நீங்கள் 'குரலும் தாளமும்' என்று சொன்னது சரிதான், ஆனால் தாளம் ஒருவரிடம், ராகம் ஒருவரிடம் என்று பங்கு பிரித்துக்கொள்ளவில்லை. டிரம்மர் பேஸ் பாடுகிறார், பாடகி தாளம் தட்டுகிறார்.

சரி, இது ராக்கா? குரலும் தாளமும் மட்டும் வைத்து மணிக்கணக்கில் ஆளை உட்கார வைப்பது நமக்குப் புதுசில்லை. வில்லுப்பாட்டிலும் உடுக்கைப் பாட்டிலும் என்ன கிட்டாரா வாசித்தார்கள்? ஆகவே கருவி எண்ணிக்கையை வைத்து ராக் இல்லை என்று சொல்ல முடியாது. நான் பார்ப்பது அடியின் குணத்தை. ஃபாய்ட்டின் பின்னடி (நாலடிச் சுற்றின் இரண்டாம், நாலாம் அடியில் விழும் அழுத்தம்) கனமானது, பிடிவாதமானது, ஜாஸ் டிரம்மர் போலப் பக்கவாட்டில் நழுவாது. அது ராக் கைதான். அதன்மேல் மொராவிய, ரோமா மணம் வீசும் பாடலும் நாடக மேடையின் நடிப்பும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. 'சோதனை ராக்' என்ற பெயரில் எனக்குப் பெரிய பிரியம் கிடையாது, ஆனால் கடையில் எந்த அடுக்கில் வைப்பது என்று கேட்டால் அங்கேதான் வைப்பேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் ஜப்பானில் அதே 1985-இல் டிரம்மர் தட்சுயா யோஷிதா தொடங்கிய ரூயின்ஸ் என்ற இருவர் குழுவைக் கேளுங்கள். பேஸும் டிரம்ஸும், அதோடு இட்டுக்கட்டிய ஒரு மொழியில் அலறல். அவர்கள் இருவராக இருந்து எட்டுப் பேர் சத்தத்தைக் கிளப்புகிறார்கள். பிட்டோவாவும் ஃபாய்ட்டும் இருவராகவே இருக்கிறார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும். இரண்டாவதைச் செய்வதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும் என்று தோன்றுகிறது, நீங்கள் மறுக்கலாம்.

வெளியுலகுக்கு இவர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதில் சுவாரசியமான ஒரு விஷயம், கதவைத் திறந்தவரும் ஒரு டிரம்மர். இங்கிலாந்தின் ஹென்ரி கௌ குழுவில் வாசித்த கிறிஸ் கட்லர் 1978-இல் ரெக்கமெண்டட் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பெரிய கம்பெனிகள் தொடாத இசையை நாடு நாடாகத் தேடித் தபாலில் விற்பதுதான் வேலை. இவர்கள் இசை அவர் காதில் பட்டது, அந்த வழியாக மேற்கே கேட்பவர்களைப் போய்ச் சேர்ந்தது. அதே ஹென்ரி கௌவின் கிட்டார்காரர் ஃப்ரெட் ஃப்ரித்தைப் பற்றி நிகோலாஸ் ஹும்பெர்ட், வெர்னர் பென்ட்செல் இருவரும் எடுத்த கறுப்பு வெள்ளை ஆவணப்படம் 1990-இல் வந்தது. 'ஸ்டெப் அக்ராஸ் தி பார்டர்' என்று பெயர். அதில் பிட்டோவாவும் ஃபாய்ட்டும் வருகிறார்கள். நீங்கள் பார்த்த துண்டு கறுப்பு வெள்ளையில் இருந்தால் அது அநேகமாக அந்தப் படத்திலிருந்து வெட்டியதாக இருக்கும். பலருக்கும் இந்த இருவர் அறிமுகமானது அந்தப் படத்தில்தான், எனக்கும் அப்படித்தான்.

அப்புறம் ஏன் நின்றது? தடை செய்து நிறுத்தவில்லை, இது உறுதி. 1989 நவம்பரில் ஆட்சியே போய்விட்டது. எல்லை திறந்தது, கச்சேரிகள் கூடின. பல கிழக்கு ஐரோப்பியக் குழுக்கள் அதற்குப் பிறகு தடுமாறின. எதிர்த்து நிற்க ஒன்றும் இல்லாமல் போனதும் பாட ஒன்றும் இல்லாமல் போனது என்பார்கள். இவர்கள் விஷயம் அது அல்ல. இருவரும் பாதை பிரிந்தார்கள், தம்பதியாகவும் பிரிந்தார்கள். எது எதற்குக் காரணம் என்று வெளியே நிற்கும் நாம் கணக்குப் போடுவது அநாகரிகம். ஒலிப்பதிவுகளை மட்டும் வைத்து ஒன்று சொல்ல முடியும். 1991-இல் வந்த இவாவின் தனி ஆல்பங்களைக் கேட்டால், வயலினும் குரலும் தாங்களே தாளத்தைச் சுமக்கக் கற்றுக்கொண்டுவிட்டது தெரிகிறது. அந்த இருவர் அணியில் அவர் படித்த பாடம் அதுதான் என்பது என் எண்ணம். பாடம் முடிந்தபின் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதற்குப் பிறகு இவா போன தூரம் பெரிது. துனாயில் பேஸ் கிட்டார் வாசித்த விளாதிமீர் வாட்ஸ்லாவெக்கோடு 1997-இல் செய்த 'பீலே இன்ஃபெர்னோ' என்ற இரட்டை ஆல்பம் செக் கேட்பாளர்கள் பலருக்கு மிக நெருக்கமானது. நியூயார்க்கின் பேங் ஆன் எ கேன் குழுவோடு 2005-இல் 'எலிடா' வந்தது. இசிஎம் என்ற ஜெர்மன் இசைத்தட்டு நிறுவனத்தில் 2013-இல் பன்னிரண்டு சிறு துண்டுகளாக ஒரு தனி ஆல்பம். நடுவில் நடிப்பையும் விடவில்லை, 2003-இல் வந்து ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்ற 'ஷெலாரி' படத்தில் அவர் இருக்கிறார். 2007-இல் அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்தார். இளைய மகன் அன்டோனின் பியானோ வாசிக்கிறார், அம்மாவோடு மேடையும் ஏறியிருக்கிறார்.

ஃபாய்ட்டைப் பற்றி எழுத எல்லோருக்கும் ஒரு பத்திதான் கிடைக்கிறது, டிரம்மர்களின் தலையெழுத்து. ப்ளூட்டோ என்ற பெயரில் சொந்தக் குழு வைத்தார், அமெரிக்க டிரம்மர் ஜிம் மெனிசஸோடு டிரம்ஸை மட்டுமே வைத்து ஒரு பதிவு செய்தார், தாளத்தையே மையமாக வைத்துத் தொடர்ந்து வேலை செய்தார். இவாவின் பெயருக்கு முன்னொட்டாக மட்டும் அவரை நினைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இரண்டு ஆல்பங்களிலிருந்து குரலை மனதுக்குள் அணைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். டாம்கள் மட்டும் ஒரு முழுப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 1987 ஆல்பத்தை விட 'ஸ்வட்பா'வை முதலில் கேளுங்கள், அதில் இருவரும் ஒருவரையொருவர் இன்னும் நன்றாகத் தெரிந்துகொண்டுவிட்டார்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம். அதில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றுமே வராது, ஃபாய்ட்டின் பாதி வேலை காணாமல் போய்விடும். சாதாரண ஹெட்போன் போதும். இரண்டாம் முறை கேட்கும்போது கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். எங்கே உங்கள் கை தடுமாறுகிறதோ அந்த இடத்தைக் குறித்துவைத்து இங்கே எழுதுங்கள், அங்கே யார் தாளத்தை மாற்றினார்கள், குரலா டிரம்ஸா என்று சேர்ந்து பார்க்கலாம்.